எழுதியது டிஸ்க்கில் இறங்கியதா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பீன்யாவில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். எடை மெஷினிலிருந்து வரும் கணக்கை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் சேமிக்க, அண்ணன் மகன் சி மொழியில் புரோகிராம் எழுதிக் கொடுத்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு எடை. ஒவ்வொன்றுக்கும் எஃப்பிரிண்ட்எஃப் மூலம் ஃபைலில் ஒரு வரி சேரும், திரையிலும் அதே வரி தெரியும். தினமும் காலை எட்டு மணிக்குப் புது ஃபைல். போன வாரம் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்ட் போனது, யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டது. மறுபடி ஆன் செய்து பார்த்தால், மூன்று மணிக்கு மேல் எடுத்த எடை ஒன்றுகூட ஃபைலில் இல்லை. கடைசி வரி பாதியில் நிற்கிறது: தேதி இருக்கிறது, எடை இல்லை. ஃபைலின் அளவு 8,192 பைட். டிஸ்க் கெட்டுவிட்டதா? மாற்ற வேண்டுமா?
– பீன்யா வாசகர்

பதில்: டிஸ்க்கை மாற்றாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது. ஃபைலின் அளவைக் குறிப்பிட்டு எழுதினீர்களே, அதற்கு நன்றி. அந்த ஓர் எண்ணிலேயே காரணம் இருக்கிறது. 8,192 என்பது சரியாக இரண்டு 4,096.

எஃப்பிரிண்ட்எஃப் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. சி மொழியின் எஸ்டிடிஐஓ நூலகம் (படிக்க, எழுத உதவும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) உங்கள் புரோகிராமின் நினைவகத்துக்குள்ளேயே ஒரு பஃபர், அதாவது தற்காலிகச் சேமிப்பிடம், வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் சாதாரண ஃபைலுக்கு அதன் அளவு பெரும்பாலும் 4,096 பைட். வரி வரியாக அதில் சேரும். நிரம்பினால்தான் ரைட் என்ற சிஸ்டம் கால் (கர்னலை வேலைக்குக் கூப்பிடும் அழைப்பு) மூலம் மொத்தமாக, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிடம் போகும். காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை சுமார் 205 எடை வந்திருக்கும். 8,192-ஐ அதால் வகுத்தால் வரிக்கு 40 பைட். அப்படியென்றால் ஒரு பஃபரில் நூறு வரிக்கு மேல் கொள்ளும், அது நிரம்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று மணி அளவில் இரண்டாவது முறை நிரம்பிக் கர்னலுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த அறுபத்துச் சொச்சம் வரிகளும் ஐந்து மணி வரை நினைவகத்திலேயே இருந்து, கரண்டோடு போய்விட்டன. வரி பாதியில் நிற்பதும் இதனால்தான். வரி எங்கே முடிகிறது என்று பஃபருக்கு அக்கறை இல்லை, 4,096-வது பைட்டில் வெட்டிவிடும்.

திரையில் மட்டும் உடனே எப்படி வந்தது என்று உங்கள் அண்ணன் மகன் கேட்பான். அதே நூலகம், டெர்மினலுக்கு, அதாவது திரைக்கு, எழுதும்போது வரி முடிந்ததும் அனுப்பிவிடும். ஃபைலுக்கு எழுதும்போது நிரம்பும்வரை காத்திருக்கும். திரையைப் பார்த்து ‘சேமித்தாகிவிட்டது’ என்று நம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நூலகத்தைக் குறை சொல்வதற்கில்லை. 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு எழுத்துக்கும் கர்னலைக் கூப்பிட்டால் வேகம் படுத்துவிடும் என்பதால் சேர்த்து அனுப்புகிறார்கள். அன்றைக்கும் சரிதான், இன்றைக்கும் சரிதான்.

சரி, என்ன செய்வது? ஒவ்வொரு எடைக்கும் பிறகு எஃப்ஃபிளஷ் கூப்பிடச் சொல்லுங்கள். அது நூலகத்தின் பஃபரைக் கர்னலிடம் தள்ளும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. கர்னலும் உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை, பேஜ் கேஷ் என்ற தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. லினக்ஸின் இயல்பான அமைப்பில் டிஸ்க்கில் எழுதப்படாத பக்கம் (நினைவகத்தின் ஒரு துண்டு) 30 வினாடி வரை அப்படியே கிடக்கலாம். அதற்குப் பிறகுதான் பின்னணியில் ஓடும் வேலை அதை எடுத்து டிஸ்க்குக்கு அனுப்பும். உங்கள் புரோகிராம் மட்டும் செத்தால் பேஜ் கேஷில் உள்ளது பிழைத்துக்கொள்ளும். கரண்ட் போனால் அதுவும் போகும். ஆகவே எஃப்ஃபிளஷுக்குப் பிறகு எஃப்சிங்க் வேண்டும். அது எஃப்பிரிண்ட்எஃப் வாங்கும் ஃபைல் பாயிண்டரை வாங்காது, திறந்த ஃபைலுக்குக் கர்னல் கொடுத்த எண்ணைத்தான் வாங்கும். ஃபைல்நோ என்ற ஃபங்ஷன் அந்த எண்ணைத் தரும்.

எஃப்சிங்க் இரண்டு வேலை செய்கிறது: பேஜ் கேஷில் இருப்பதை டிஸ்க்குக்கு அனுப்புகிறது, பிறகு டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கேஷையும் காலி செய்யும்படி கட்டளை கொடுத்துக் காத்திருக்கிறது. பலர் மறந்துவிடும் இடம் இந்த மூன்றாவது கேஷ். ஆப்பிள் மேக்கில் எஃப்சிங்க் இந்த இரண்டாவது வேலையைச் செய்யாது. அங்கே எஃப்சிஎன்டிஎல் என்ற அழைப்பு வழியாக எஃப்-ஃபுல்ஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் லினக்ஸ் என்பதால் அந்தக் கவலை இல்லை.

‘வேகம் குறையாதா?’ என்று அண்ணன் மகன் அடுத்து கேட்பான். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. எஃப்சிங்க் ஒன்றுக்குச் சில சுற்றுகள் ஆனாலும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வரும் எடைக்கு அது ஒரு பொருட்டா? வினாடிக்கு ஆயிரக்கணக்கில் எழுதும் டேட்டாபேஸ்காரர்கள்தான் அதை யோசிக்க வேண்டும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். எஃப்ஃபிளஷ் பூஜ்யம் தந்ததா, எஃப்சிங்க் பூஜ்யம் தந்ததா (பூஜ்யம் என்றால் வெற்றி) என்று பார்த்த பிறகே ‘சேமித்தாகிவிட்டது’ என்று திரையில் வரவேண்டும். இந்தப் பெங்களூரு நகரத்தில் சேமிப்பகச் சாதன வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமைப் படிக்கக் கொடுத்தால் முதலில் நான் தேடுவது இந்தத் திரும்பும் மதிப்புகளைத்தான். ஃபைலை மூடும் எஃப்குளோஸின் மதிப்பைப் பார்க்கும் புரோகிராமை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிஸ்க் நிரம்பிவிட்டது என்ற செய்தி சில சமயம் அந்தக் கடைசி அழைப்பில்தான் வரும்.

எஃப்சிங்க் பிழை சொன்னால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு ‘இந்த முறை சரியாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லினக்ஸில் எழுத முடியாமல் போன பக்கத்தைக் கர்னல் ‘சுத்தம்’ என்று குறித்துவிடலாம். அடுத்த எஃப்சிங்க் எழுத ஒன்றுமில்லை என்று வெற்றி சொல்லும், தரவு எங்கேயும் இருக்காது. 2018-ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குகிறவர்கள் இதைக் கண்டு திகைத்துப் போனார்கள். அடுத்த ஆண்டு வந்த பதிப்புகளில், எஃப்சிங்க் தோற்றால் சர்வரையே நிறுத்தி, மாற்றங்களைக் குறித்துவைத்த லாகிலிருந்து மீட்டெடுக்கும்படி மாற்றினார்கள். நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். பிழை வந்தால் திரையைச் சிவப்பாக்கிப் புரோகிராமை நிறுத்துங்கள், அன்றைய மீதி எடையை நோட்டில் எழுதுங்கள்.

மாற்றிய பிறகு சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு ரிலே வைத்து மின்சாரத்தை வெட்டி வெட்டிப் பார்ப்போம். பட்டறையில் அதற்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். அதில் வரிசை எண் போட்ட வரிகளை எழுதி, எஃப்சிங்க் வெற்றி சொன்ன பிறகு அந்த எண்ணை நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்புங்கள். நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி ஆன் செய்யும்போது, அந்தப் பக்கம் பதிவான கடைசி எண் வரை எல்லா வரியும் ஃபைலில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் புரோகிராமோ டிஸ்க்கோ பொய் சொல்கிறது. அப்போது டிஸ்க்கை மாற்றலாம். மின்னணுச் சாமான் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது, மின்தடைப் பாதுகாப்புக்கு உள்ளே கெப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டியா என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும். கணக்குக்கு அது நியாயமான செலவு.

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வரவு செலவைப் பைத்தானில் எழுதிய சின்னப் புரோகிராமில் வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே ஜேசான் ஃபைல். ‘வித் ஓபன்’ போட்டுத்தான் எழுதுகிறேன், அது தானாக மூடிவிடும் அல்லவா? ஆனாலும் ஒரு மின்தடைக்குப் பிறகு ஃபைல் பூஜ்யம் பைட் ஆகிவிட்டது. பழைய கணக்கும் போச்சு!
– ஜெயநகர் வாசகி

பதில்: மூடுவது உண்மைதான் அம்மா. மூடினால் தரவு கர்னலிடம் போகும், அவ்வளவுதான். டிஸ்க்கில் இறங்கியதற்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் பழைய கணக்கு போனதற்குக் காரணம் வேறு. எழுதுவதற்கான ‘டபிள்யூ’ முறையில் திறந்த உடனேயே பழைய உள்ளடக்கம் வெட்டப்பட்டுவிடுகிறது. அந்த நொடியிலிருந்து புதியது டிஸ்க்கில் சேரும்வரை உங்களிடம் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2009-ல் லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் ஏற்பாடு) புதிதாகப் புழக்கத்துக்கு வந்தபோது, கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுபோன பலருக்கு டெஸ்க்டாப் அமைப்பு ஃபைல்கள் பூஜ்யம் பைட்டாகிப் போயின. எஃப்சிங்க் செய்யாத புரோகிராம்தான் தப்பு என்றார், அந்த ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான தியடோர் சோ. பிறகு கர்னலிலும் சில பாதுகாப்புகளைச் சேர்த்தார்கள். அவற்றை நம்பி எழுதாதீர்கள்.

சரியான வழி இது. அதே ஃபோல்டரில் வேறு பெயரில் புது ஃபைல் எழுதுங்கள். ஃபிளஷ், பிறகு ஓஎஸ் மாட்யூலின் எஃப்சிங்க். அதன் பிறகு ஓஎஸ் ரீப்ளேஸ் மூலம் பழைய பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒன்று முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது, பாதியில் நிற்காது. லினக்ஸில் ஃபோல்டரையும் திறந்து அதற்கும் ஒரு எஃப்சிங்க் செய்தால் பெயர் மாற்றமும் டிஸ்க்கில் உறுதியாகும்.

இத்தனையும் கையால் செய்வதைவிட எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸுக்கு மாறிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. பைத்தானுடனேயே வருகிறது, இந்தத் தலைவலியையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது. ஊரார் பணத்தின் கணக்கை ஒற்றை ஜேசான் ஃபைலில் வைக்க எனக்கு மனசு வராது.

கேள்வி: சாதாரண புரோகிராம் டிஸ்க்கை நேரடியாகத் தொட முடியாது, கர்னல் மட்டும்தான் தொடும் என்கிறார் எங்கள் விரிவுரையாளர். டிடி என்ற கட்டளை மட்டும் எப்படி முழு டிஸ்க்கையும் நகல் எடுக்கிறது?
– பொறியியல் மாணவர், ராஜாஜிநகர்

பதில்: தம்பி, அவர் சொன்னதும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி. டிஸ்க்குடன் பேசுவது கர்னல்தான். ஆனால் முழு டிஸ்க்கையும் டெவ் ஃபோல்டரில் ஒரு ஃபைல் மாதிரி அது காட்டுகிறது. சாதனத்தையும் ஃபைலையும் ஒரே அழைப்புகளால் படிக்கலாம் என்பது யூனிக்ஸை உருவாக்கிய ரிச்சியும் தாம்ஸனும் 1974-ல் எழுதிய யூனிக்ஸ் கட்டுரையிலேயே இருக்கும் யோசனை. திறக்க ஓபன் போட்டு, படிக்க பிரீட் போட்டு, எந்த இடத்திலிருந்து எத்தனை பைட் என்று கேட்டால் வரும். டிஸ்க்கின் மொத்த அளவு தெரிய ஐஓசிடிஎல் என்ற அழைப்பு வழியாக பிஎல்கே-கெட்சைஸ்64 கேட்க வேண்டும். இதற்கெல்லாம் ரூட் (நிர்வாகி) உரிமையோ டிஸ்க் குழுவில் இடமோ தேவை.

சொந்த லேப்டாப்பின் டிஸ்க்கில் விளையாடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற டிஸ்க் பெயர்கள் அடுத்த முறை ஆன் செய்யும்போது இடம் மாறலாம். ஒரு ஜிபி அளவில் வெற்று ஃபைல் உண்டாக்கி, லோசெட்டப் கட்டளையால் அதை லூப் டிவைஸ், அதாவது டிஸ்க் மாதிரி தெரியும் ஃபைல், ஆக்குங்கள். அதில் எதை எழுதினாலும் நஷ்டமில்லை. அதன் மேல் ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிக்கும் பகுதிகள்) போட்டுவிட்டு, முதல் 512 பைட்டை உங்கள் புரோகிராமில் படித்துப் பாருங்கள். கடைசி இரண்டு பைட் பதினாறடிமான எண்ணில் 55, ஏஏ என்று இருக்கும். அடுத்த 512 பைட்டின் தொடக்கத்தில் ‘இஎஃப்ஐ பார்ட்’ என்ற எட்டு எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும். பாடத்தில் படித்ததை நம் புரோகிராமே டிஸ்க்கிலிருந்து எடுத்துக் காட்டும்போது வரும் சந்தோஷம் தனி. அதற்குப் பிறகு ஓ-டைரக்ட் என்ற குறியைப் போட்டுத் திறந்து பாருங்கள். அது பேஜ் கேஷைத் தாண்டிப் போகும். ஆனால் பஃபரின் முகவரி, படிக்கும் இடம், அளவு மூன்றும் டிஸ்க்கின் பிளாக் அளவுக்குச் சரியாக ஒத்துப்போக வேண்டும், பொதுவாக 512 அல்லது 4,096. கொஞ்சம் பிசகினாலும் ஈஇன்வால் (மதிப்பு தவறு) என்ற பிழை வரும். அந்தப் பிழையை இப்போதே ஒருமுறை வரவழைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வேலை மாறலாம் என்றிருக்கிறேன். ஐஓ-யூரிங் படிக்கவா, எஸ்பிடிகே படிக்கவா?
– ஒயிட்ஃபீல்ட் வாசகர்

பதில்: ஐஓ-யூரிங் படியுங்கள். டிஸ்க் வேலைகளைக் கர்னலிடம் சேர்த்துக் கேட்க உதவும் வழி அது. ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதி, 2019-ல் லினக்ஸ் 5.1-ல் வந்தது. கோரிக்கைக்கு ஒரு வளையம், முடிவுக்கு ஒரு வளையம், இரண்டும் புரோகிராமும் கர்னலும் பகிரும் நினைவகத்தில். லிப்யூரிங் நூலகம் இருப்பதால் தொடங்குவது சிரமமில்லை. பாதுகாப்பு காரணமாகச் சில கன்டெய்னர் சூழல்களில் இதைத் தடுத்து வைத்திருப்பார்கள். உங்கள் புரோகிராம் பழைய வழிக்கும் இறங்கி வரத் தெரிந்திருக்க வேண்டும்.

எஸ்பிடிகே வேறு உலகம். இன்டெல் 2015-ல் திறந்த மூலமாக வெளியிட்டது. என்விஎம்இ என்ற அதிவேக வகை டிஸ்க்கைக் கர்னலிடமிருந்தே பிடுங்கிப் புரோகிராமின் கையில் கொடுத்துவிடும். அப்புறம் ஃபைல் சிஸ்டம் இல்லை, ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளை போட்டால் எதுவும் தெரியாது. வேலை முடிந்ததென்று டிஸ்க் தரும் இன்டரப்டுக்குக் காத்திருக்காமல் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரு சிபியு கோர் முழுதாக அதற்கே போய்விடும். ஸ்டோரேஜ் பெட்டியே தயாரிக்கிற கம்பெனிக்குப் போவதென்றால் கட்டாயம் படியுங்கள்.

கேள்வி: எம்மேப் போட்டு எழுதினால் எஃப்சிங்க் தொல்லை இல்லையாமே?
– கே.ஆர்.புரம் வாசகர்

பதில்: இருக்கிறது. எம்மேப் என்பது ஃபைலை நினைவகம் மாதிரி காட்டும் அழைப்பு, அந்த நினைவகமும் அதே பேஜ் கேஷ்தான். எம்சிங்க் கூப்பிட்டு, எம்எஸ்-சிங்க் கொடுத்து, மதிப்பைப் பார்க்க வேண்டும். அதோடு ஒரு சங்கடம் கூடுதல். டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் வந்தால், ரீட் என்றால் மைனஸ் ஒன்று தரும். எம்மேப்பில் சிக்பஸ் சிக்னல் வந்து புரோகிராமே விழுந்துவிடும். நிறையப் படித்து, அரிதாக எழுதும் பெரிய ஃபைலுக்கு எம்மேப் நல்லது. கணக்கு எழுத பிரைட்டும் எஃப்சிங்க்கும் போதும்.