வாசகர் கேள்விகள்: பெரியகுளம் டூ கோட்டை

கேள்வி: ஓ.பி.எஸ் (ஓ.பன்னீர்செல்வம்) மூணு தடவை சி.எம் ஆனாரு, ஆனா ஒரு தடவை கூட அவர் பேரைச் சொல்லி யாரும் ஓட்டு கேட்கலயே, இது எப்படி சார்?
- தேனி வாசகர்

பதில்: சட்டசபைல மெஜாரிட்டி பக்கத்துல நின்னா போதும், சி.எம் ஆகிடலாம், சட்டம் அவ்ளோதான் கேட்குது. அவர் டீக்கடை வச்சிருந்த கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா 1996ஐ யாரும் ஞாபகம் வச்சுக்கறதில்ல. அந்த வருஷம் அ.தி.மு.க மொத்தமே 4 சீட்டு, ஜெயலலிதாவே பர்கூர்ல தோத்துட்டாங்க, அப்பதான் இவர் பெரியகுளம் நகராட்சி சேர்மன் ஆனாரு, கட்சி தரையில கிடந்தப்ப சொந்த ஊர்ல ஜெயிச்ச ஆளுன்னு மேலிடத்துக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? 2001 மே மாசம் முதல் தடவையா எம்எல்ஏ, உடனே வருவாய்த்துறை மந்திரி, செப்டம்பர் 21ம் தேதி ஜெயலலிதா முதல்வரா பதவி ஏத்தது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதும் அன்னைக்கே இவர் சி.எம். உள்ள வந்து நாலு மாசம்தான் சார் ஆச்சு! அப்புறம் அந்தம்மா ஆண்டிப்பட்டி இடைத்தேர்தல்ல ஜெயிச்சு 2002 மார்ச்ல திரும்பி வந்ததும் பேசாம எழுந்து இடம் விட்டாரு. ஆண்டிப்பட்டியும் உங்க தேனி மாவட்டம்தான், அதாவது உங்க ஊர்க்காரங்க போட்ட ஓட்டுலயே உங்க ஊர் சி.எம் இறங்கினாரு. 2014லயும் இதே கதைதான். 2016 டிசம்பர்ல ஜெயலலிதா இறந்து இவர் வந்தப்ப மட்டும்தான் இடம் விடச் சொன்னது வேற ஆளுங்க, அதாவது சசிகலா பக்கம், அதான் மெரினாவுல ஜெயலலிதா சமாதில போய் உட்கார்ந்துட்டாரு.

கேள்வி: 2017ல எடப்பாடிக்கு எதிரா ஓட்டே போட்ட ஓ.பி.எஸ் டீம் 11 பேருக்கு ஒண்ணும் ஆகல, கவர்னர்கிட்ட லெட்டர் குடுத்த தினகரன் பக்கத்து 18 பேருக்கு பதவியே போச்சு. நியாயமா?
- மதுரை வாசகர்

பதில்: நியாயம்னு எனக்குத் தோணல. பிப்ரவரி 18ம் தேதி நம்பிக்கை ஓட்டுல 122க்கு 11, எதிரா ஓட்டு விழுந்தது ரெக்கார்டுலயே இருக்கு. ஆனா கட்சித் தாவல் சட்டத்துல முடிவு எடுக்கறது சபாநாயகர், அவர் நடவடிக்கை எடுக்காம இருந்தா கேஸ் அப்படியே கிடக்கும், அதுக்குள்ள ஆகஸ்ட்ல ரெண்டு அணியும் சேர்ந்து ஓ.பி.எஸ் துணை முதல்வரே ஆயாச்சு. அடுத்த நாளே தினகரன் பக்கத்து 19 பேர் எடப்பாடிக்கு ஆதரவு இல்லன்னு கவர்னர்கிட்ட போனாங்க, அதுல கம்பம் எம்எல்ஏ மட்டும் திரும்பி வந்துட்டாரு, மிச்சம் 18 பேரையும் செப்டம்பர் 18ம் தேதி தகுதிநீக்கம் பண்ணாங்க. ஹைகோர்ட்ல முதல்ல ரெண்டு ஜட்ஜ் ரெண்டு விதமா சொல்லி, மூணாவது ஜட்ஜ் 2018 அக்டோபர்ல அது செல்லும்னுட்டாரு. ஆளுங்கட்சிக்காரரையே அம்பயரா நிக்க வச்சா இப்படித்தான் இருக்கும்.

கேள்வி: எம்எல்ஏ சம்பளம் எவ்ளோ?
- சேலம் வாசகர்

பதில்: 2017 ஜூலைல 55,000ல இருந்து 1,05,000 ஆக்கினாங்க.

கேள்வி: தேனில ஓ.பி.எஸ்ஸுக்கு சரியான போட்டி யாரு?
- போடி வாசகர்

பதில்: கேள்வில பதிலை ஒளிச்சு வச்சிட்டு கேட்கறீங்க. தங்க தமிழ்ச்செல்வன்தான். 2001ல ஆண்டிப்பட்டில ஜெயிச்சுட்டு ஜெயலலிதா நிக்கறதுக்காக சீட்டை ராஜினாமா பண்ணிக் குடுத்தவர் இவர், ஒருத்தர் நாற்காலியைக் காத்தாரு இன்னொருத்தர் தொகுதியையே குடுத்தாரு, ஆனா பேர் வாங்கினது என்னவோ ஓ.பி.எஸ்தான். மேல சொன்ன 18 பேர்லயும் தங்க தமிழ்ச்செல்வன் உண்டு. 2019ல தி.மு.கவுக்குப் போயி, 2021ல போடில ஓ.பி.எஸ்ஸை நேருக்கு நேர் எதிர்த்து நின்னு தோத்தாரு. 2024ல பார்த்தா அவர் தேனி எம்.பி, கட்சிய விட்டு நீக்கப்பட்ட ஓ.பி.எஸ் ராமநாதபுரத்துல பலாப்பழ சின்னத்துல சுயேச்சையா நின்னு ரெண்டாம் இடம், அதுவும் அதே பேர்ல வேற சில பன்னீர்செல்வங்களும் ஓட்டு மெஷின்ல வரிசையா நின்னப்ப.