சோத்தோங் (கணவாய்) பிடிக்கும் தூண்டில் ராட்: 6 அடியா, 8 அடியா?

தம்பி, உங்களிடம் இருப்பது சியாக்காப் (கொடுவா மீன்) பிடிக்க வாங்கிய 6 அடி முரட்டு ராட். பினாங்கு தெலுக் பஹாங் ஜெட்டியில் (படகுத்துறையில்) ஜிக் (இறால் வடிவப் போலி இரை) தூரம் போகவில்லை, மாட்டிய சோத்தோங்கும் பாதியில் கழன்றுவிடுகிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் முக்கியக் காரணம் அந்த ராட்தான்.

ஜிக்கில் இருப்பது எதிர்முள் இல்லாத ஊசிக் கொத்து. அது பெரும்பாலும் சோத்தோங்கின் நீண்ட கையில்தான் குத்தும், மெல்லிய சதை. ராட் வளைந்து கொடுக்காவிட்டால் கை பிய்ந்து ஆள் தப்பிவிடும். அதனால் நுனி மென்மையாக வளையணும், ஆனால் நடுப்பகுதி விறைப்பாக இருக்கணும். இல்லையென்றால் ராடைச் சட்டென்று மேலே வெட்டி இழுத்து ஜிக்கைத் துள்ள வைக்க முடியாது.

கரையிலிருந்து வீச 8 அடி முதல் 8 அடி 6 அங்குலம் வரை எடுங்கள். படகுக்கு 7 அடி போதும். பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும், அந்த ராடால் வீசக்கூடிய எடையைப் பாருங்கள்: 3 நம்பர் ஜிக் சுமார் 15 கிராம், 3.5 சுமார் 20. இரண்டும் அதற்குள் அடங்கணும். கடையிலேயே கயிறு சுற்றும் ரீலை மாட்டித் தூக்கிப் பாருங்கள். நுனி கனத்தால் வேண்டாம், மணிக்கட்டு தாங்காது.

ரீலின் டிராகை, அதாவது கயிறு நழுவும் இறுக்கத்தை, தளர்த்தி வையுங்கள், வெட்டும்போது லேசாகச் சத்தம் வரும் அளவுக்கு. மாட்டியதும் கயிறு தொய்யாமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். ஜெட்டி உயரம், பெரிய சோத்தோங் என்றால் வலை போட்டே தூக்குங்கள்.