பினாங்கு சுவர் ஓவியங்களைத் திரிஷாவில் (ஆள் மிதித்து ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்) வழிகாட்டியோடு பார்ப்பது வயதானவர்களுக்கு ஒத்துவருமா?

தாராளமாக ஒத்துவரும். முட்டி வலியுள்ள அப்பாவையும் வெயில் தாங்காத அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நடந்து பார்ப்பதா, கார் பிடிப்பதா, திரிஷாவுக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கும் காசு தண்டமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் தோட்டப்புற டவுன்களிலும் இப்படி வரையலாமே என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிலைமைக்கு நான் திரிஷா என்றுதான் சொல்வேன். வழிகாட்டியும் வேண்டும். அவர் தமிழ் பேசுபவராக இருந்தால் கொடுக்கிற காசு முழுக்கத் தகும்.

நான் இருப்பது நிபோங் தெபாலில், பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள பெருநிலப் பக்கம். இந்த வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டம், அப்புறம் கித்தாக்காடு (ரப்பர் தோட்டம்), இப்போது செம்பனை. பயிர் மாறியதே தவிர, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் நம் சனம் ஏராளம். என் அம்மாவும் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். எங்கள் லயத்து ஆட்களுக்குப் பினாங்குத் தீவு என்றால் பெரிய ஆஸ்பத்திரி, தைப்பூசம், தீபாவளிக்குச் சேலை எடுப்பது, அவ்வளவுதான். சுவர் ஓவியங்கள் இருக்கும் ஜார்ஜ்டவுன் நகரத்துச் சந்துகளை நின்று நிதானமாகப் பார்த்த பெரியவர்கள் ரொம்பக் குறைவு. அதனால்தான் அம்மாவையும் அவருடைய பழைய தோட்டத்துக் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு போனோம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலாக்காவில் திரிஷா ஓட்டுபவர் நமக்குப் பக்கத்தில் இருந்து மிதிப்பார். பினாங்கில் நாம் முன்னால் உட்கார்ந்திருப்போம், அவர் பின்னாலிருந்து மிதிப்பார். இதனால் நமக்கு முன்னால் எதுவுமே மறைக்காது, தெரு முழுவதும் கண்ணுக்கு நேரே வரும். முதல் சந்தி வரும்போது எதிரில் வரும் காரைப் பார்த்து வயதானவர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு தெரு தாண்டியதும் கையை விட்டுவிட்டு, மேல்மாடி ஜன்னல்களை எண்ணிக்கொண்டு வந்தார். நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்பதால் எந்தச் சுவரும் கண்ணிலிருந்து தப்பாது. காரில் போனால் இதெல்லாம் கிடைக்காது. பாதிச் சந்துகளில் கார் நிற்கவே இடம் கிடையாது.

ஓவியங்கள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது சுலபம். 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன. அடுத்த ஆண்டு பினாங்கு மாநில அரசு, நகரத்தின் கதையைத் தெருவிலேயே சொல்ல யோசனை கேட்டு ஒரு போட்டி வைத்தது. அதில் வென்றதுதான் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திர வரிசை. மொத்தம் 52, தெருத் தெருவாகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் 2012-இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லிதுவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் ஜகாரெவிச் சில சுவர்களில் வரைந்தார். உலகம் முழுக்கப் படமாகச் சுற்றியவை அவருடையவைதான். அவற்றைப் பார்த்துப் பிறகு பலரும் வரைய ஆரம்பித்தார்கள்.

ஆர்மேனியன் தெருவில் சைக்கிளில் போகும் அக்கா தம்பி படத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் சுவரில் வரைந்தவர்கள், சைக்கிள் மட்டும் நிஜம், சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். ஆ குவீ தெருவில் இதே மாதிரி ஒரு பழைய மோட்டார்சைக்கிள், கேனன் தெருவில் நாற்காலிமேல் ஏறி நிற்கும் பையன். சைக்கிள் படத்துக்கு முன்னால் எப்போதும் வரிசைதான். வெயிலில் பெரியவர்களை அங்கே நிறுத்தாதீர்கள். வண்டியிலிருந்தபடியே பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜாலான் பினாங்கு பக்கம் ஜகாரெவிச் வரைந்த பெரிய படம். சவாரிக்காகக் காத்திருக்கும் ஒரு திரிஷாக்காரர். எங்களை ஏற்றிவந்த சீனர், எழுபதைத் தாண்டியவர், அந்தச் சுவருக்கு எதிரே தானாகவே வண்டியை நிறுத்தினார். முன்பெல்லாம் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் சந்தைக்குப் போகும் அம்மாமார்கள், ராத்திரியில் படம் பார்த்துத் திரும்புபவர்கள், இவர்கள்தான் தன் ஆட்கள் என்றும், இப்போது சுற்றுப்பயணிகளை விட்டால் யாரும் ஏறுவதில்லை என்றும் மலாய் மொழியில் சொன்னார். மகன் இந்த வேலைக்கு வரவில்லையா என்று அம்மா கேட்டார். சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். அவர் தலைமுறையோடு இந்த வண்டியில் ஊரைக் காட்டும் ஆட்கள் குறைந்துபோவார்கள் என்ற கவலை எனக்கு உண்மையிலேயே இருக்கிறது. பெற்றோரை அழைத்துப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வழிகாட்டி ஏன் வேண்டும் என்ற விஷயத்துக்கு வருகிறேன். அந்த 52 கம்பிச் சித்திரங்களில் கதையை ஆங்கிலத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நாலைந்து வகுப்பு படித்த நம் பெரியவர்களுக்கு அது வெறும் வளைந்த இரும்பு. விஷயம் முழுவதும் கதையில்தான் இருக்கிறது. முந்திரி தெருவில் ஒரு சித்திரம்: ஒரே பெண் சமையல், துணி துவைப்பு, பிள்ளை வளர்ப்பு என்று வீட்டு வேலை எல்லாவற்றையும் தனியாகச் செய்கிறாள். சீனாவின் கன்டன் பகுதியிலிருந்து வந்து பணக்கார வீடுகளில் வேலை செய்த 'அமா' என்ற பெண்களைப் பற்றியது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. அவர்களில் பலர் கல்யாணமே செய்துகொள்வதில்லை என்று சபதம் எடுத்து, கூந்தலை வாரி முடிந்துகொண்டு கப்பல் ஏறியவர்கள்.

எங்கள் வழிகாட்டித் தம்பி இதைத் தமிழில் சொன்னதும் அம்மாவும் அவர் கூட்டாளிகளும் வண்டியை விட்டு இறங்கிப் போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்றார்கள். "பெத்த பிள்ளைய ஆயாக் கொட்டகையில விட்டுட்டு நாம மரம் வெட்டப் போனோம். இவ பெறாத பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டே வேலை செஞ்சிருக்கா" என்றார் அம்மா. அப்புறம் அந்தத் தெருவில் வெகுநேரம் பேச்சு. விடியற்காலை இருட்டில் தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடியது, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு)ப் பிந்தினால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவது, ஆயாவாக இருந்த பாட்டி யார் வீட்டுப் பிள்ளைக்குக் கூடுதல் பால் கொடுத்தார் என்பது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதில் பாதியை நான் கேட்டதில்லை. வழிகாட்டி அவசரப்படுத்தாமல் ஓரமாக நின்றார். நல்ல வழிகாட்டிக்கு அந்த நிதானம் இருக்க வேண்டும். நேரக் கணக்கு பார்த்து அடுத்த படம், அடுத்த படம் என்று ஓட்டுபவர் வேண்டாம்.

இன்னொன்று, நம் பக்கத்துக் கதையை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான சுற்றில் சைக்கிள், மோட்டார்சைக்கிள், ஊஞ்சல் என்று கொண்டுபோய்க் காட்டிவிட்டு முடித்துவிடுவார்கள். முன்கூட்டியே சொன்னால் சுலியா தெரு, குயின் தெரு, பாசார் தெரு வழியாக மடக்கிக் கொண்டுவருவார்கள். 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. நாகூர் தர்காவும், 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் பக்கம் பக்கமாகத்தான். ஸ்டுவர்ட் சந்து பக்கம் ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா வரைந்த படகோட்டி ஒருவர் இருக்கிறார், இந்திய முகம். அவருடைய கழுத்து நரம்பையும் முகச் சுருக்கத்தையும் அந்த அம்மையார் வரைந்திருக்கும் விதத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

பள்ளிவாசல் பக்கம் வந்தபோது வழிகாட்டி, அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பு வைத்து, இரண்டு முனையிலும் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்கப் போன கதையைச் சொன்னார். நாசி கண்டார் வந்த வழி அது. அம்மா உடனே தோளைத் தொட்டுக் காட்டி, "நானும் காண்டா தூக்கினவதான். ரெண்டு வாளிப் பால், சறுக்குற மேடு" என்றார். துறைமுகத்தைத் தாண்டும்போது, தாத்தா ரஜூலா கப்பலில் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான் என்றும் சொன்னார். நாகப்பட்டினத்திலிருந்து வந்த அந்தக் கப்பல் நம்மில் எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. உங்கள் அப்பாவிடமும் இப்படி ஏதாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஓவியங்கள் மங்கிப்போய்விட்டன, போய்ப் பிரயோசனமில்லை என்று சிலர் சொல்வார்கள். சில படங்கள் மங்கியது உண்மைதான். அந்தப் பழைய கடைவீடுகளுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பூச்சு. தரையிலிருந்து ஈரம் ஏறி அந்தப் பூச்சு வழியாக வெளியே போகும். மேலே பெயிண்ட் அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கி, பெயிண்டைத் தள்ளி உரித்துவிடும். மேலே மழையும் வெயிலும், கீழே தொட்டுத் தொட்டுப் படம் எடுப்பவர்கள் கையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஆனால் பிள்ளைகளை அழைத்துப் போனால் சுவரில் கை வைக்காமல், சாயாமல் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

போகிற வழி: நிபோங் தெபாலிலிருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. பெரியவர்களுக்குப் பாலத்தில் காரில் உட்கார்ந்து போவதைவிட ஃபெரிதான் சந்தோஷம். காலையில் முதல் வேலையாகச் சுற்றைத் தொடங்குங்கள், பதினொரு மணிக்கு மேல் வெயில் சகிக்காது. ஒரு வண்டிக்கு ஒல்லியான இருவர், உடம்புக்காரர் என்றால் ஒருவர்தான். ஏறும்போது ஓட்டுபவர் வண்டியைப் பிடித்துக்கொள்வார், அவர் தலையாட்டிய பிறகு ஏறச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை வண்டி, மொத்தம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்பதை ஏறும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். முந்திரி தெருவில் இரண்டு ஜன்னல் மேடைகளைப் பிடித்துக்கொண்டு எழும்பும் நீலச்சட்டைச் சிறுமி மிகப் பெரிய படம், உயரத்தில் இருக்கிறது. அங்கே குடையை மடக்கச் சொல்லாவிட்டால் பாதிதான் தெரியும். வழிகாட்டி உரிமம் உள்ளவரா என்று கேளுங்கள், நம் நாட்டில் அது சட்டம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியல் போடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு இடம் போதும். மதியத்துக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு இருக்கவே இருக்கிறது.

நம் டவுன்களில் வரைவது பற்றி: கண்டிப்பாக வரைய வேண்டும். ஜார்ஜ்டவுனில் திரிஷாக்காரருக்கும் அமாவுக்கும் சுவர் கிடைத்திருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் ஏற்றிப்போன ரப்பருக்குப் பால் எடுத்தவர்களுக்கு நாங்கள் போன வழியில் ஒரு சுவரைக்கூட நான் காணவில்லை. வீடு திரும்பும் ரயிலில் அம்மாவிடம், நம் ஊர்க் கடைவரிசைச் சுவரில் ஒரு மரம் வெட்டும் பெண்ணை வரைந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். நெற்றியில் விளக்கு இருக்க வேண்டும். சட்டையில் பால் சொட்டி, காய்ந்து கறுத்திருக்க வேண்டும், சுத்தமான துணி போட்டு வரையக்கூடாது. பக்கத்தில் காண்டா வாளி. முக்கியமாக, மரத்தைப் பார்த்து நின்றால் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும், அப்போதுதான் பால் நன்றாக வரும், தெரியாதவர்கள் மாற்றிப் போட்டுவிடுவார்கள் என்றார். உங்கள் ஊரில் யாராவது தூரிகை எடுத்தால், தோட்டத்தில் வேலை செய்த ஒரு பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.