பிரஷர் சுவிட்சைத் திட்டுவதற்கு முன்: கேஸ் கீசர் கேள்வி-பதில்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் டெல்டாவில் கேஸ் கீசர்களுக்கு உயிர் வரும். எனக்குக் கடிதங்களும் வரும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல், தண்ணீர் ஓடினால் கீசரைப் பற்றச் சொல்லும் பிரஷர் சுவிட்ச் பற்றியவை. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் எதைக் கழற்றச் சொன்னாலும், முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள், பேட்டரி செல்லை வெளியே எடுங்கள். ஸ்க்ரூடிரைவரைத் தொடுவது அப்புறம்தான்.

கீசர் பற்றவில்லை. சுவிட்ச் மாற்றிவிடலாமா? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? மாடல் இல்லை, தண்ணீர் வருகிறதா என்பது இல்லை, ஸ்பார்க் சத்தம் கேட்கிறதா என்பதும் இல்லை. புது செல் இரண்டு போட்டுப் பாருங்கள். பழசு ஒன்று, புதுசு ஒன்று என்று கலக்க வேண்டாம்.

திருவாரூர் பக்கம் ஓட்டு வீடு. குளியலறைக்கு மட்டும் தளம் போட்டு அதன் மேலேயே டேங்க் வைத்திருக்கிறோம். ஷவரைத் திறந்தால் ‘டிக்’ சத்தமே இல்லை. இரண்டு வருடத்தில் மூன்று சுவிட்ச் மாற்றியாகிவிட்டது.

மூன்றும் நல்ல சுவிட்சாகத்தான் இருந்திருக்கும். சுவிட்ச் தானாக வேலை செய்வதில்லை. தண்ணீர் ஓடும்போது வால்வுக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் வளைந்து ‘பின்’ என்ற சிறு கம்பியைத் தள்ளும். அந்தப் பின்தான் கேஸ் வழியையும் திறக்கிறது, நாம் பிரஷர் சுவிட்ச் என்று சொல்லும் மைக்ரோ சுவிட்சையும் இயக்குகிறது. தண்ணீருக்கு வலு இல்லையென்றால் பின் நகராது. பின் நகராவிட்டால் எத்தனை சுவிட்ச் மாற்றினாலும் ஒன்றுதான்.

கணக்கு எளிது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம். சின்ன கீசர்களுக்குக் கால் பாராவது வேண்டும். அதாவது டேங்கின் தண்ணீர் மட்டம் கீசருக்கு மேல் எட்டடி இருக்க வேண்டும். உங்களுக்கு நாலடி தேறினாலே அதிகம். டேங்குக்கு உயரமாக ஸ்டாண்ட் போடுங்கள், இல்லையென்றால் சின்ன பிரஷர் பம்ப் வையுங்கள். அதற்கு முன்னால் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் வலையையும் ஷவர் முகப்பையும் கழற்றி பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள்.

கெட்டது சுவிட்சா டயாஃப்ரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – சீர்காழி

ரெகுலேட்டரை மூடி, செல்லை எடுத்துவிட்டு, முன்மூடியைக் கழற்றுங்கள். தண்ணீரைத் திறந்து பின்னைப் பாருங்கள். பின் நகரவில்லையென்றால் வலை, டயாஃப்ரம், தண்ணீர் அழுத்தம் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். பின் நகர்கிறதா? சுவிட்சின் இரண்டு வயர் சாக்கெட்டைப் பிடுங்கி, மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து முனைகளைத் தொடுங்கள். தண்ணீர் ஓடும்போது சத்தம் வர வேண்டும், நின்றதும் சத்தம் நிற்க வேண்டும். அப்படி இல்லையென்றால்தான் சுவிட்ச் மேல் பழி.

புது சுவிட்ச் போட்டும் பழைய கதைதான் என்றால், அது உட்காரும் இடத்தைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளி முடுக்கினாலும் பின் எட்டாது.

டயாஃப்ரத்தை நானே மாற்றலாமா? – பாபநாசம்

கை நிதானமாக இருந்தால் மாற்றலாம். தண்ணீர் வரும் வால்வையும் மூடி, ஷவரைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். தண்ணீர்ப் பகுதியின் ஸ்க்ரூக்களை மட்டும் கழற்றுங்கள். கேஸ் பகுதியில் கை வைக்க வேண்டாம். ரப்பரை உருவுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் மேலே, ஓட்டை எதற்கு நேராக என்பதைப் பிறகு யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பழைய ரப்பரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ‘ஆறு லிட்டர் கீசருக்கு’ என்று வாயால் கேட்டால் கடைக்காரர் எதையாவது கொடுப்பார்.

ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். முதலில் தண்ணீர் மட்டும் விட்டுக் கசிவு பாருங்கள். பிறகு ரெகுலேட்டரைத் திறந்து கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீக்குச்சியால் சோதிப்பவர்கள் எனக்கு எழுத வேண்டாம்.

ரப்பர் மிருதுவாக இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? – தஞ்சாவூர்

கூடாது. வண்டி கிரீஸும் கூடாது. ரப்பர் ஊதிப்போகும்.

மெக்கானிக் சுவிட்சை எடுத்துவிட்டு இரண்டு வயரையும் நேராக இணைத்து ‘டைரக்ட்’ செய்து கொடுத்தார். ஷவரைத் திறந்துவிட்டு செல்லைப் போட்டால் பற்றுகிறது. குளித்து முடித்ததும் செல்லை எடுத்துவிடுகிறேன். ஆறு மாதமாகப் பிரச்சினை இல்லை. இப்படியே விடலாமா? – மன்னார்குடி

விடக் கூடாது. இன்றைக்கே நிறுத்துங்கள். இந்த ‘டைரக்ட்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மோட்டார் ஸ்டார்ட்டரில் ஆரம்பித்து இப்போது குளியலறை வரை வந்துவிட்டது.

கேஸுக்கு அந்தப் பெட்டிக்குள் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, பின் தள்ளித் திறப்பது. இன்னொன்று, சுவிட்ச் பேச்சைக் கேட்டுத் திறந்து மூடும் சோலினாய்டு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் வால்வு. தண்ணீர் நின்றால் இரண்டும் மூட வேண்டும். முதல் கதவில் தூசியோ துருவோ சிக்கி அரைகுறையாக நின்றாலும் இரண்டாவது காப்பாற்றும். டைரக்ட் செய்தால் இரண்டாவது கதவுக்கு எப்போதும் ‘தண்ணீர் ஓடுகிறது’ என்றுதான் சேதி போகும்; அது மூடவே மூடாது.

சில வருடங்களுக்கு முன் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். இதே வேலைதான். சூடு மீறினால் அணைக்க வேண்டிய சென்சார் வயரையும் அந்தப் புண்ணியவான் சேர்த்தே முறுக்கிவிட்டிருந்தார். வீட்டு அம்மா பாதிக் குளியலில் ஷவரை மூடிவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட, துணியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். செல்லை எடுக்கவில்லை. முதல் கதவு மூடி உட்காரும் இடத்தில் துரு. நின்ற தண்ணீர் கொதித்து, செப்புச் சுருளில் பற்றவைத்த இணைப்பு விட்டுப்போய், ஷவர் ஹோஸ் வெடித்திருந்தது. ஷவரை மூடிய கை அங்கேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

புது சுவிட்ச் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ‘ஆறு மாதமாகப் பிரச்சினை இல்லை’ என்கிறீர்கள். செல்லை எடுக்க ஒருநாள் மறப்பதற்கு ஆறு மாதம் ஒரு கணக்கா?

ஷவரை மூடிய பிறகும் இரண்டு மூன்று நொடி தீ எரிகிறது. – மயிலாடுதுறை

மூடிய உடனே அணைய வேண்டும். பின்னில் உப்புப் படிந்து இறுகிப்போயிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. சரிசெய்யும் வரை கீசரைத் தொடாதீர்கள். உப்பை எடுக்க வினிகர் போதும். கழிப்பறை ஆசிட் ஊற்றினால் உப்போடு பித்தளையும் போகும்.

வேதாரண்யம். புகையை வெளியே தள்ளும் ஃபேன் வைத்த மாடல். வாடைக்காற்று அடிக்கும் நாட்களில் மட்டும் அணைந்து அணைந்து போகிறது. தண்ணீர் சுவிட்சை மாற்றியும் பயனில்லை.

எந்த பிரஷர் சுவிட்ச் என்று கேட்காமலே வாங்கியிருக்கிறீர்கள். ஃபேன் மாடலில் இன்னொன்று உண்டு. ஃபேனுக்குப் பக்கத்தில், மெல்லிய ட்யூப் சொருகிய வட்டமான டப்பா. அது காற்றழுத்தம் பார்ப்பது. புகை வெளியே போக வழியில்லையென்றால் பர்னரை அணைத்துவிடும். உங்கள் புகைக்குழாயின் வாய் காற்றுக்கு நேர் எதிரே இருக்கும். குழாயின் வாயைத் திருப்புங்கள், அல்லது காற்று மறைப்பு மூடி போடுங்கள். உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடலோர உப்புக்காற்றில் இந்த சுவிட்சின் முனைகள் பச்சை பூத்துப் போவதும் உண்டு; சுரண்டிச் சுத்தம் செய்யலாம். இதையும் ‘டைரக்ட்’ செய்யலாமா என்று கேட்டு அடுத்த கடிதம் போடாதீர்கள்.

மார்கழிக் குளிருக்கு ஜன்னலை மூடிக்கொண்டு குளிக்கலாமா? கேஸ் வாசனை எதுவும் வருவதில்லை. – கும்பகோணம் வாசகி

கூடாது அம்மா. நீங்கள் சொல்லும் வாசனை எரியாத கேஸில் கலக்கும் மருந்தின் வாசனை. மூடிய அறையில் காற்றுப் போதாமல் எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனையே கிடையாது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் கால் துவண்டுவிடும். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். அதுவரை ஜன்னல் திறந்தே இருக்கட்டும். குளிர் தாங்காவிட்டால் அடுப்பில் ஒரு அண்டா வெந்நீர் வையுங்கள்.

வருடத்தில் மூன்று மாதம்தான் கீசர் ஓடுகிறது. ஒவ்வொரு கார்த்திகையிலும் ஏதாவது ஒன்று மாற்ற வேண்டியிருக்கிறது. – பட்டுக்கோட்டை

மாசியில் நிறுத்தும்போது என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை; ஒன்றும் செய்வதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். செல்லைக் கழற்றுங்கள். உள்ளே விட்டால் ஒழுகித் தகட்டை அரித்துவிடும். ரெகுலேட்டரை மூடுங்கள். மாதம் ஒருமுறை கேஸ் இல்லாமல் தண்ணீரை மட்டும் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். டயாஃப்ரமும் பின்னும் ஒட்டிக்கொள்ளாது. கேஸ் ஹோஸில் அச்சிட்டிருக்கும் வருடத்தையும் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள்.