வேலையை விட்டுவிட்டு நாவல் எழுதலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 43. பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கம் இருக்கிறேன், மென்பொருள் வேலை. கெட்டிஸ்பர்க் போர்க்களம் காரில் ஒரு மணி நேரத்துக்குள்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவேன். அப்படி ஒரு தடவை போனபோது வாங்கியதுதான் மைக்கேல் ஷாராவின் 'தி கில்லர் ஏஞ்சல்ஸ்' நாவல். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றியே படிக்கிறேன். தமிழில் அதை வைத்து ஒரு சரித்திர நாவல் எழுத ஆசை. குறிப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன, ஒரு அத்தியாயம்கூட எழுதவில்லை. ஒரு வருஷம் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தால் முடித்துவிடலாம், சேமிப்பு இருக்கிறது. மனைவி "யாரு படிக்கப்போறாங்க?" என்கிறார். ஷாராவையும் முதலில் பதிப்பாளர்கள் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள், கடைசியில் புலிட்சர் பரிசு வாங்கினார் என்று படித்தேன். அதுதான் எனக்குத் தைரியம். என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, வேலையை விடாதீர்கள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் உங்கள் மனைவி அதை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார், மீதியை நாம் பேசிக்கொள்ளலாம்.

ஷாராவின் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பதினைந்து பதிப்பகங்கள் வேண்டாம் என்றன, ஒரு சின்னப் பதிப்பகம் 1974இல் துணிந்து போட்டது, அடுத்த வருஷமே புலிட்சர். இந்த இடத்தில் நிறுத்தினால் மேடையில் சொல்வதற்கு அருமையான கதைதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடலாம்.

1928இல் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில், இத்தாலியிலிருந்து குடியேறியவரின் மகனாகப் பிறந்தார். பாராசூட் படையில் சார்ஜென்ட்டாக இருந்தார், குத்துச்சண்டை போட்டார், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1951இல் பட்டம் வாங்கினார், அப்புறம் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கொஞ்ச காலம் போலீஸ்காரர். இவ்வளவுக்கும் நடுவே பத்திரிகைகளுக்கு அறிவியல் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். விண்வெளிக் கதை எழுதிய போலீஸ்காரர் என்றால் நமக்குச் சிரிப்பு வரும், ஆனால் அந்தக் காலத்து அறிவியல் கதைப் பத்திரிகைகளில் மதிக்கப்பட்ட பெயர் அது. 1960களில் டல்லஹாசியில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். பாடம் நடத்துவது, எழுதுவது, இடைவிடாமல் சிகரெட், எல்லாம் சேர்ந்து 36 வயதில் மாரடைப்பு. உங்களைவிட ஏழு வயது சின்னவர் அப்போது.

பிழைத்து எழுந்தார். அந்த 1960களிலேயே குடும்பத்தோடு கெட்டிஸ்பர்க்குக்கு ஒரு சுற்றுலா போனார், பிடித்துக்கொண்டது, உங்களுக்குப் பிடித்த மாதிரியே. அந்த நாவலுக்கு ஏறக்குறைய ஏழு வருஷம் ஆனது. கவனியுங்கள், அந்த ஏழு வருஷத்தில் பெரும்பகுதி அவர் வாத்தியார் வேலையில்தான் இருந்தார். இடையில் 1968இல் இன்னொரு நாவலும் வெளிவந்தது. பிறகு இத்தாலியில் இருந்தபோது ஸ்கூட்டர் விபத்தில் தலையில் பலத்த அடி. பழையபடி அவரால் எழுத முடியாமல் போனதற்கு அந்த அடிதான் பெரிய காரணம். கெட்டிஸ்பர்க் நாவல் புத்தகமாக வந்ததே அதற்குப் பிறகுதான்.

சரி, புலிட்சர் வந்ததே? வந்தது. 1975 வசந்தம், சைகோன் வீழ்ந்த அதே வசந்தம். வியட்நாமைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஜனங்களிடம் நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு போரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? பரிசு பெற்ற நாவல் அவர் இருந்தவரை பெரிதாக விற்கவில்லை. 1981இல் இன்னொரு நாவல் வந்தது, அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1988இல் இரண்டாவது மாரடைப்பில் இறந்தார், 59 வயது. 1993இல் 'கெட்டிஸ்பர்க்' என்று நாலு மணி நேரத்துக்கும் மேலே ஓடுகிற படமாக அதை எடுத்தார்கள், அப்போதுதான் அமெரிக்கா முழுக்க நாவல் விற்றுத் தீர்ந்தது, விற்பனைப் பட்டியலில் முதலிடம். எழுதியவர் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. டாம்பாவில் பழைய நாணய வியாபாரம் செய்துகொண்டிருந்த மகன் ஜெஃப், அப்பாவின் கதைக்கு முன்கதையாக 1996இலும் பின்கதையாக 1998இலும் இரண்டு நாவல்கள் எழுதினார், அவை நன்றாகவே விற்றன. அப்பா நட்டதை மகன் அறுவடை செய்தார் என்று சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு இனிப்பான செய்தியாகத் தெரியவில்லை.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பதினைந்து நிராகரிப்பைத் தைரியமாக எடுத்துக்கொள்கிறீர்கள், அந்தக் கணக்கில் இந்தப் பதினெட்டு, பத்தொன்பது வருஷ மௌனமும் சேர வேண்டும் இல்லையா? உலகத்தின் பெரிய பரிசுகளில் ஒன்றை வாங்கிய ஆங்கில நாவலுக்கே இதுதான் நிலை என்றால், தமிழில் வரப்போகும் கெட்டிஸ்பர்க் நாவல் உங்கள் ஒரு வருஷச் சம்பளத்தைத் திருப்பித் தராது. சேமிப்பு இருக்கிறது என்கிறீர்கள், சரி, மருத்துவக் காப்பீடு யாருடைய வேலையில் வருகிறது? அமெரிக்காவில் இருந்துகொண்டு இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதோடு இரண்டு வருஷமாக ஒரு அத்தியாயமும் எழுதாதவர், எட்டு மணி நேரம் சும்மா கிடைத்தால் எழுதிவிடுவாரா? எட்டு மணி நேரமும் படித்துக்கொண்டிருப்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தில் தெரிவது நேரப் பஞ்சம் இல்லை.

உங்கள் சிக்கல் குறிப்பு மலை. இதில் ஷாரா நிஜமாகவே உதவுவார், அதனால் புத்தகத்தை மறுபடி எடுத்து, இந்தத் தடவை எழுதுகிறவன் கண்ணோடு பாருங்கள். நாலு வருஷப் போரில் அவர் எடுத்துக்கொண்டது நாலே நாள். 1863 ஜூன் 29, அப்புறம் ஜூலை 1, 2, 3. அந்த நாட்களில் கெட்டிஸ்பர்க்கில் மோதியவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல், செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 51,000 என்பார்கள். அவர் நுழைந்த மண்டைகளோ விரல்விட்டு எண்ணிவிடக்கூடியவை. தெற்குப் படையின் தலைவர் லீ, அவருடைய தளபதிகள் லாங்ஸ்ட்ரீட், ஆர்மிஸ்டெட், வடக்குப் படையின் சேம்பர்லின், பியூஃபோர்ட், வேடிக்கை பார்க்க வந்த ஆங்கிலேயர் ஃப்ரீமேன்டில், ஆரம்பத்தில் ஒரு ஒற்றன், அவ்வளவுதான். அத்தியாயத் தலைப்பே ஆளின் பெயர். அந்த ஆளுக்கு அந்த நிமிஷத்தில் என்ன தெரியுமோ அதுதான் வாசகனுக்கும் தெரியும், எதிர்ப்படை மலைக்குப் பின்னால் நிற்பது லீக்குத் தெரியாது என்றால் நமக்கும் தெரியாது. முன்னுரையில் அவரே சொல்கிறார்: சரித்திர ஆசிரியர்களின் அபிப்பிராயங்களைத் தள்ளிவைத்துவிட்டு, அங்கே இருந்தவர்களின் கடிதங்களுக்கும் ஆவணங்களுக்கும் போனேன் என்று. நீங்கள் குவித்திருப்பதில் எவ்வளவு கடிதம், எவ்வளவு அபிப்பிராயம் என்று ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். அபிப்பிராயங்களைப் பெட்டியில் போட்டு மாடியில் ஏற்றிவிடலாம்.

சேம்பர்லின் வருகிற முதல் அத்தியாயத்தையும் பார்க்க வேண்டும். மெய்ன் மாநிலத்துக் கல்லூரியில் பேச்சுக்கலையும் மொழிகளும் கற்றுக்கொடுத்தவர், கர்னலாகி நிற்கிறார். சண்டை போட மாட்டோம் என்று முறுக்கிக்கொண்ட 120 பேரை அவர் தலையில் கட்டுகிறார்கள், வேண்டுமானால் சுட்டுத்தள்ளு என்ற அனுமதியோடு. அவர்களிடம் அவர் பேசுகிறார், அந்தப் பேச்சிலேயே வடக்கு எதற்காகச் சண்டை போடுகிறது என்பது முழுக்க வந்துவிடுகிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் முப்பது பக்கம் பின்னணி விளக்கம் வந்திருக்கும். நிஜத்தில் அந்த ஆட்கள் அவரிடம் வந்து சேர்ந்தது மே மாதம், ஷாரா ஜூன் கடைசிக்கு நகர்த்தியிருக்கிறார். நாவலாசிரியன் எடுத்துக்கொள்ளக்கூடிய உரிமைதான் அது, நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நாவல் வெற்றி பெற்றுவிட்டால் சரித்திரத்தின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறது, இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். சேம்பர்லினோடு வரும் பஸ்டர் கில்ரெயின் என்ற ஐரிஷ்காரர் ஷாராவின் கற்பனை. லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்றில் சேம்பர்லினின் 20ஆவது மெய்ன் படைக்கு வைத்திருக்கிற நினைவுக்கல்லில் அவர் பெயரைத் தேடுகிறவர்கள் உண்டு, அடுத்த தடவை போனால் நீங்களே பார்க்கலாம். குண்டு தீர்ந்து, துப்பாக்கி முனையில் கத்தியைப் பொருத்திக்கொண்டு சரிவில் இறங்கிய சேம்பர்லின் படையை எல்லோருக்கும் தெரியும். அந்தக் குன்றுக்கு முதலில் படையை ஓட்டிக்கொண்டு வந்த ஸ்ட்ராங் வின்சென்ட் அங்கே அடிபட்டு ஐந்து நாள் கழித்துச் செத்தார், அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. போருக்குப் பின் தெற்குக்காரர்களே தூற்றிய லாங்ஸ்ட்ரீட்டுக்கு கெட்டிஸ்பர்க்கில் சிலை வந்தது 1998இல்தான், அந்த அனுதாபத்தில் நாவலுக்கும் படத்துக்கும் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

எனக்கு அந்த நாவலில் பெரிய குறை ஒன்று உண்டு. அடிமை முறையால் வந்த போரைப் பற்றிய நாவலில் கறுப்பின மனிதர் முகம் காட்டுவது ஒரே ஒரு காட்சியில், அடிபட்டுக் கிடக்கும் ஒருவராக, அவருக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. லீயின் படை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது சேம்பர்ஸ்பர்க் பக்கம் கறுப்பினத்தவரைப் பிடித்துத் தெற்கே ஓட்டிப்போனார்கள், பிறவியிலேயே சுதந்திரமானவர்களையும் சேர்த்து. கெட்டிஸ்பர்க்கில் இருந்தவர்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள், உங்கள் ஹாரிஸ்பர்க்குக்கும்தான் அகதிகள் வந்தார்கள். ஆப்ரஹாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயியின் பண்ணை வடக்குப் படை நின்ற செமிட்டரி ரிட்ஜ் மேட்டிலேயே இருந்தது, மூன்றாம் நாள் தெற்குத் தளபதி பிக்கெட்டின் படை வந்து மோதிய இடத்துக்குப் பக்கத்தில். சண்டை முடிந்து திரும்பிவந்து பார்த்தால் பண்ணை நாசம். 1,028 டாலர் நஷ்டஈடு கேட்டார், கிடைத்தது 15 டாலர். அந்தச் சின்ன வெள்ளை வீடு இன்றும் நிற்கிறது, நீங்கள் விருந்தாளிகளோடு எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

தளபதிகள் லீயையும் லாங்ஸ்ட்ரீட்டையும் ஷாரா எழுதிவிட்டார், அதைத் தமிழில் இரண்டாந்தரமாகத் திரும்பச் செய்து என்ன ஆகப்போகிறது? ஓடுகிறவன், ஒளிகிறவன், திரும்பி வந்து கணக்குப் போடுகிறவன், இவர்களில் ஒருவன் மண்டைக்குள் போங்கள். அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அமெரிக்க வாசகனுக்கே புரியாது என்று ஷாரா வரைபடம் போட்டு, யார் யார் எந்தப் பக்கம், எப்படிப்பட்ட ஆள் என்று முன்னாலேயே அறிமுகமும் எழுதவேண்டியிருந்தது. தமிழ் வாசகனுக்குப் படைப்பிரிவு எண்களைச் சொன்னால் மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிடுவான். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் வடக்கே நடக்கிறவனுக்கு வரைபடம் தேவையில்லை. நம் ஆட்கள் அந்த நடையைத் தாங்களே வேறு வேறு நாடுகளில் நடந்திருக்கிறார்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், வாரத்துக்கு நாலு நாள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் படிக்கக் கூடாது, தேதி தெரியாவிட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள், திருத்துவதற்கு வாழ்க்கை கிடக்கிறது. ஒரே நாள், ஒரே ஆள், அதை மட்டும் எழுதுங்கள். ஏழு வருஷம் ஆனால் ஆகட்டும், உங்களுக்கு ஐம்பதுதான் ஆகியிருக்கும். மாரடைப்பு வரவழைத்துக்கொள்ளாதீர்கள், ராத்திரி தூங்குங்கள், சிகரெட் இருந்தால் விடுங்கள்.

மனைவியின் கேள்விக்கு வருகிறேன். "யாரு படிக்கப்போறாங்க?" என்பதை நீங்கள் எதிர்ப்பாக எடுத்துக்கொண்டீர்கள், எனக்கு அது நிஜமான கேள்வியாகத்தான் படுகிறது. நானூறு பேர் படித்தால் அதிர்ஷ்டம் என்று அவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சம்பளம் வந்துகொண்டே இருக்கும் என்பதையும் கூடவே சொல்லுங்கள், பேச்சின் தொனி மாறும். முதல் அத்தியாயம் முடிந்ததும் அவரிடம் கொடுங்கள், எந்த இடத்தில் சலித்தது என்று மட்டும் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். எனக்கு அனுப்பாதீர்கள் தம்பி, இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களைப் படிக்கவே நேரம் போதவில்லை.