மாஸ்டரிட்டக் கேளுங்கோ

கேள்வி: மாஸ்டர், நான் திருகோணமலை உவர்மலைப் பிள்ளை. உங்களிட்ட ஏ.எல். கணிதம் படிச்சனான். இப்ப அமெரிக்காவில புள்ளிவிபரவியலில முதுமாணி முடிச்சிட்டன். 2024 ஏப்ரல் கடைசியில எங்கட கம்பஸ் புல்வெளி முழுக்கக் கூடாரம். காஸா யுத்தத்தை நிப்பாட்டச் சொல்லிப் போராட்டம். இரவு பத்து மணிக்குப் பிறகும் ட்ரம், ஸ்பீக்கர். லைப்ரரியில காதுக்குப் பஞ்சு வைச்சுக்கொண்டுதான் படிச்சன். கடைசிக் கிழமை வகுப்பெல்லாம் சூமுக்குப் போயிட்டுது. பிரதான பட்டமளிப்பு விழாவும் ரத்து. அம்மாவும் அப்பாவும் விசாவுக்கெண்டு மூண்டு தரம் இரவு ரயிலில கொழும்புக்குப் போய் வந்தவை. கடைசியில துறையின்ர சின்ன விழா ஒண்டு நடந்தது. அதுக்கு கேற்றில வரிசையில நிக்கேக்க, காவலாளி கேக்க முதலே அம்மா கைப்பையைத் திறந்து எங்கட நாட்டு அடையாள அட்டையை, ஐ.சி.யை, எடுத்து நீட்டினா. எனக்கு விசர் பிடிச்ச மாதிரி இருந்தது. அந்தப் போராட்டக்காரரைத் திட்டித் தீர்த்தன். கூடப் படிக்கிற தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, "யுத்தத்துக்குள்ளால வந்த நீயே இப்பிடிக் கதைக்கலாமோ" எண்டாள். நான் கதைச்சது பிழையோ?
— பெயர் போட வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்: பிள்ளை, முதலில் அந்தச் சிநேகிதிக்கு. யுத்தத்துக்குள் பிறந்தவள் என்பதற்காக, உலகத்தில் யார் எங்கே ட்ரம் அடித்தாலும் கைதட்டுவேன் என்று நீ ஒருவருக்கும் கையெழுத்து வைத்துக் கொடுக்கவில்லை. சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்குச் சத்தம் கேட்டால் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. எனக்கு வந்தது உன்னுடையதைவிடப் பெரிய எரிச்சல். பட்டம் எடுக்க எனக்கு ஏழு வருடம் பிடித்தது.

1987இல் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தான வருடம். கம்பஸ் சுவர் முழுக்கச் சுவரொட்டி, ஒன்றுவிட்டு ஒருநாள் விரிவுரை பகிஷ்கரிப்பு. எங்கள் ஹொஸ்டலில் இரண்டாம் வருடச் சிங்களப் பெடியன் ஒருவன். விடிய ஐந்து மணிக்கு ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கூட்டத்துக்கு இழுப்பான். அதையாவது பொறுக்கலாம். நான் குளிக்கிற நீல வாளியை எடுத்துக்கொண்டுபோய், அதில் கோதுமை மாப் பசை கரைத்து, சுவரொட்டி ஒட்டுவதற்கு வைத்துக்கொண்டான். கேட்டால் சிரிப்பான். இந்திய இராணுவம் வெளியேற வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துவான். அந்த இராணுவம் நின்றது என் ஊரில், எங்கள் வீட்டுக்கு முன் சந்தியில். ஊரில் என்ன நிலைமை என்று ஒரு நாளாவது என்னிடம் கேட்டானா? இல்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் வோர்டனிடம் போய் அவனைப் பற்றி முறையிட்டேன். கதவு தட்டுவதையும் சொன்னேன், வாளியையும் சொன்னேன்.

பிறகு கம்பஸை மூடினார்கள். பின்னேரத்துக்குள் ஹொஸ்டலைக் காலி பண்ணச் சொன்னார்கள். 1987க்கும் 1990க்கும் இடையில் தெற்கில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த நாட்கள்தான் கூட. நான் வீட்டு விறாந்தையில் இரண்டு வாங்கு போட்டு ரியூசன் தொடங்கினேன். கைச்செலவுக்குத் தொடங்கியது, பிழைப்பாகிவிட்டது. இன்னும் இரண்டு வருடத்தில் பென்சன். திரும்பப் போனபோது என் வாளி ஹொஸ்டல் சாமான் அறையில் கிடந்தது, அடியில் பசை கல்லுப்போல இறுகி. அவன் வரவில்லை. 1989இல் அந்தப் பக்கத்தில் காணாமற் போன பெடியள் எத்தனையோ. நான் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, இரண்டு நாளில் வாளியைத் துப்புரவாக்கி, பட்டம் முடியும் வரை அதில்தான் குளித்தேன். வோர்டனிடம் போனது பிழை என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாளியை ஊருக்குக் கொண்டு வரவும் மனம் வரவில்லை.

உன் விஷயத்துக்கு வருவோம். நீ வெவ்வேறு ஆட்கள் மேல் உள்ள கோபத்தை ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாய். அவிழ்த்துப் பார். இரவில் ட்ரம் அடித்தது மாணவர். அதற்கு அவர்களைப் பேசு, நன்றாகப் பேசு. விழாவை ரத்துச் செய்தது யார்? நிர்வாகம். உன் கம்பஸில் மட்டுமில்லை, 2024இல் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மே 15ஆம் திகதி நடக்க வேண்டிய பெரிய விழாவைக் கைவிட்டார்கள், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மே 10ஆம் திகதி விழாவைக் கைவிட்டார்கள். இரண்டு இடத்திலும் அந்த முடிவு எழுதப்பட்டது கூடாரத்துக்குள் இல்லை. கொலம்பியாவில் ஏப்ரல் 17 கூடாரம் போட்டார்கள்; அடுத்த நாளே பொலிசைக் கூப்பிட்டு நூறு பேருக்கு மேல் பிடித்தார்கள். பிடித்ததோடு முடிந்ததா? பக்கத்துப் புல்வெளியில் திரும்பவும் முளைத்தது, மற்றக் கம்பஸ்களிலும் முளைத்தது. சண்டியனிடம் அடி வாங்கின பிள்ளைக்கு வகுப்பில் ஆதரவு கூடும் என்பது நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற எனக்கே தெரியும்.

அதற்காக எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். ஏப்ரல் 30 விடியப்புறம் கொலம்பியாவில் ஹமில்டன் மண்டபத்தின் கண்ணாடியை உடைத்து உள்ளே போனார்கள். உள்ளே வேலையில் நின்ற துப்புரவுத் தொழிலாளருக்கு அந்த யுத்தத்தில் என்ன பங்கு? அதை வாசித்தபோது எனக்கு அந்த ஐந்து மணிக் கதவுச் சத்தம்தான் காதில் கேட்டது.

இன்னொன்று, இது உனக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். 2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். ரொறன்ரோவில் எங்கள் சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மணித்தியாலக் கணக்காக மறித்தது. என் தங்கச்சியும் நின்றவள், பிள்ளையைத் தள்ளுவண்டிலில் வைத்துக்கொண்டு. தாயைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போன எத்தனை பேர் அந்தக் கார் வரிசையில் கிடந்திருப்பார்கள்! அவர்களுக்கு முள்ளிவாய்க்கால் எந்தத் திசை என்றே தெரியாது. பிள்ளைகளை ரோட்டில் விடுகிற சனம் என்று எங்களைத் திட்டினார்கள். இங்கே நான் றேடியோவின் சத்தத்தைக் குறைத்து, காதோடு வைத்து பி.பி.சி. தமிழோசை கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் ஒரு மெழுகுதிரி கொளுத்தவும் பயம். எட்டு நாளில் எல்லாம் முடிந்தது. ரோட்டை மறித்ததால் ஒரு ஷெல்லும் நிற்கவில்லை. இருந்தாலும் அன்று தங்கச்சி வீட்டில் இருந்திருக்கலாம் என்று என் வாயால் வராது.

அம்மாவின் ஐ.சி.க்கு ஏன் பிள்ளை கோபம்? சீனக்குடாவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதற்குள் எத்தனை தரம் பஸ்ஸால் இறங்கி அதைக் காட்டிய கை அது. சீருடை கண்டால் தானாகத் திறக்கும். 2006 ஜனவரி 2ஆம் திகதி, காந்தி சிலைக்குக் கிட்டக் கடற்கரையில் சும்மா கதைத்துக்கொண்டு நின்ற ஐந்து மாணவர்களைச் சுட்ட ஊர் இது. அம்மா உன்னை அங்கே அனுப்பியதே கேற்றில் ஒருவரும் ஐ.சி. கேட்காத இடம் என்று நினைத்துத்தான். அதைக் கெடுத்தது ட்ரம் அடித்த பிள்ளைகளா, அந்தக் கேற்றைப் பூட்டியவர்களா என்று நீயே யோசி. உன் துறை விழாப் படம் ஒன்று அனுப்பு. விறாந்தையில் கொழுவ இடம் இருக்கிறது.

கேள்வி: பல்கலைக்கழகம் முதலீட்டை மீளப்பெற வேண்டும் என்று காஸாவுக்காகப் போராடிய அமெரிக்க மாணவர்கள் கேட்டார்களாம். படிப்பிக்கிற இடத்துக்கு ஏது முதலீடு? இப்படிக் கத்திக் கேட்டு எப்போதாவது நடந்திருக்கிறதா?
— கிண்ணியா வாசகர்

பதில்: எங்கள் பல்கலைக்கழகங்கள் திறைசேரிக் காசில் ஓடுகின்றன. அங்கே பழைய மாணவர் கொடுத்த நன்கொடையைப் பங்குகளில் போட்டுப் பெருக்குகிறார்கள். கொலம்பியாவிடம் மட்டும் 1,300 கோடி டொலருக்கு மேல். இஸ்ரேலோடு தொடர்புள்ள, ஆயுதம் விற்கிற கம்பனிகளின் பங்கை விற்றுவிடு என்பதுதான் கோரிக்கை. நடந்திருக்கிறது. 1985இல் தென்னாபிரிக்க நிறவெறிக்கு எதிராக இதே ஹமில்டன் மண்டப வாசலில் மூன்று கிழமை குந்தியிருந்தார்கள். அந்த வருடமே அறங்காவலர் பங்குகளை விற்க முடிவெடுத்தார்கள். அங்கேயே 1968இல் வியட்நாம் யுத்தத்துக்கு உதவிய ஆராய்ச்சி நிறுவனத்தோடு இருந்த தொடர்பை எதிர்த்து மண்டபங்களைப் பிடித்தார்கள். ஏறத்தாழ 700 பேர் கைது. பிறகு அந்தத் தொடர்பும் விடுபட்டது. அப்போதும் கோட்டும் டையும் கட்டிய மாணவர் கூட்டம் ஒன்று, எங்களுக்குப் படிக்க வேண்டும் என்று, உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடு போகாமல் மறித்துக்கொண்டு நின்றது. எரிச்சல்பட்ட மாணவர் கட்சியும் பழைய கட்சிதான்.

1970 மே 4ஆம் திகதி ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படை சுட்டு நான்கு மாணவர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் போராட்டத்தில் இல்லை. ஒரு வகுப்பில் இருந்து மற்ற வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தவர்கள்.

கேள்வி: மாஸ்டர், உங்களுக்குக் கடைசியாக யார்மேல் கோபம் வந்தது?
— சாம்பல்தீவு வாசகர்

பதில்: எங்கள் தெருக் கோயில் திருவிழாக்காரர்மேல். ஏ.எல். வகுப்பு நடக்கும்போது நாலு பக்கமும் ஸ்பீக்கர். போய்ச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டு, மூன்றை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றை என் விறாந்தையைப் பார்க்கத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள்.