அப்பத்தா காலத்து கரியடுப்பு – கடிதமும் பதிலும்

அக்கா வணக்கம்,

நான் பர்மாவுல மோல்மீன்ல இருந்து எழுதுறேன். போன வாரம் ராத்திரி கரண்ட் போயி ரொம்ப நேரம் வரல, போன்லயும் சார்ஜ் இல்ல, புலம்பிட்டு இருந்தேன். எங்க அப்பத்தா, "நாங்கல்லாம் ஒரு சிம்னி விளக்க வச்சுக்கிட்டு ஆறு புள்ளைய வளர்த்தோம்டா"ன்னாங்க. அந்தக் காலத்து ஆளுங்க எதையும் வீணாக்கல, இயற்கையையும் கெடுக்கல, எல்லாத்தையும் கெடுத்தது நாமதான்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?

தம்பிக்கு,

வீணாக்கலங்கிறது நூத்துக்கு நூறு உண்மை. ரங்கூன்ல எங்கம்மா கரியடுப்புல சமைச்சத பாத்து வளந்தவ நான். ஒரு தடவ பத்த வச்சா முதல்ல சோறு, அப்புறம் குழம்பு, தணல் அடங்கி வரும்போது பாலு, கடைசியா அந்த அனல்லயே ரெண்டு துண்டு கருவாடு, மிச்சக் கரிய மண்சட்டில போட்டு மூடி அணைச்சிட்டா மறுநாளைக்கும் அதுவே ஆச்சு. சாம்பல் பாத்திரம் வெளக்க, வடிச்ச கஞ்சி அப்பா சட்டைக்கு. ரங்கூன் பசுண்டாங் கால்வாயோரம் நம்ம ஆளுங்க வேல பாத்த அரிசி மில்லுங்க பாய்லர்லயும் அந்த நெல்லோட உமியத்தான் எரிச்சாங்க. ஒங்க ஊரு தேக்கு அறுத்த ஊரு, அடுப்பெரிக்க மரத்தூளுக்கு பஞ்சமே இருந்திருக்காது.

ஆனா இயற்கைய கெடுக்கலங்கிறத என்னால ஒத்துக்க முடியல தம்பி. ரங்கூன் அடுப்புல எரிஞ்ச கரி எங்கேருந்து வந்துச்சு? நெறைய கரி ஐராவதி கழிமுகத்து அலையாத்திக் காட்ட வெட்டி சுட்டு படகுல வந்தது. வயலுக்கும் எறா பண்ணைக்கும்னு அழிச்சது வேற. 2008 மே 2ந்தேதி நர்கிஸ் புயல் அடிச்சப்போ கடல் தண்ணிய கொஞ்சமாவது தடுத்திருக்க வேண்டிய அந்த மரங்க பல எடத்துல இல்ல. செத்தவங்களும் காணாமப் போனவங்களும் 1,30,000க்கு மேல. எங்கம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, கரிக்காரர் வாசல்ல வந்து கூப்பிடுவார், இவங்க கூடைய நீட்டுவாங்க, அவ்வளவுதான்.

அவங்க சிக்கனமா இருந்தது காசு இல்லாததால. கயா மாநிலத்து லோபிட்டாவுல 1960ல தண்ணிலேருந்து கரண்ட் எடுக்க ஆரம்பிச்சாங்க, ரங்கூனுக்கும் வந்துச்சு, வாங்க வசதி இருந்த எந்த வீடும் வேணாம்னு சொல்லல. சொல்லவும் கூடாது, ஏன்னா அந்தப் புகைய முழுங்குனது பூரா பொம்பளைங்க, எங்கம்மாவோட ராத்திரி இருமல் இன்னைக்கும் என் காதுல இருக்கு. இப்போ கரண்ட் முறை வச்சு விடுறதால மறுபடி கரி மூட்டை வாங்குற வீடுங்கள பாக்குறப்போ எனக்கு பெருமையா இல்ல, வயிறு எரியுது.

அதுக்காக அந்தக் கைப்பக்குவத்த விட்ரச் சொல்லல. மரத்தூள் அடுப்புக்கு, டின்னு நடுவுல ஒரு பாட்டில நிக்க வச்சு, சுத்தி மரத்தூள இறுக்கி அடைச்சு, பாட்டில உருவிட்டு அடியில பத்த வச்சா மணிக்கணக்கா நின்னு எரியும்னு கேள்விப்பட்டிருக்கேன். எவ்வளவு இறுக்கணும், தூளு ஈரமாயிருந்தா என்ன செய்வாங்க, மோல்மீன் மழையில எப்படி காய வச்சாங்கன்னு அப்பத்தாகிட்ட கேட்டு எனக்கு எழுதுறியா? எங்கம்மா இருக்கும்போது நான் கேக்காம விட்டுட்டேன்.